இருவராய்ப் புறப்படுங்கள்!

பிரயாணம் போவதற்கு நம்மவர்களிடம் வழக்கமாக இரண்டே காரணங்கள் உண்டு. ஒன்று கல்யாணம், மற்றொன்று துக்கம். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட பிரார்த்தனையைச் சொல்லலாம். இம்மூன்றும் இல்லாமல், "ஊர் பார்க்கப் போகிறோம்" என்று ஒரு கணவனும் மனைவியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டால், அடுத்த வீட்டுக்காரருக்கு அன்றிரவு தூக்கம் வராது. "பணம் கொழுத்துவிட்டது போலிருக்கிறது!" என்பார் ஒருவர். "பெண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லை, அதற்குள் இவர்களுக்கு உல்லாசம் கேட்கிறது!" என்பார் இன்னொருவர்.

இந்தப் பேச்சுக்கு அஞ்சியே நம்மில் எத்தனையோ தம்பதிகள் பிரயாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். பிள்ளை படிப்பு முடியட்டும். பெண் கல்யாணம் ஆகட்டும். வீட்டுக் கடன் தீரட்டும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு கிடைக்கட்டும் என்று நாட்கள் போகின்றன. கடைசியில் ஓய்வும் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சமயத்தில் முழங்காலும் தனக்கு ஓய்வு வேண்டும் என்று விண்ணப்பம் போட்டுவிடுகிறது!

நான்கு திசையும் தெரியும் ஊர்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கோலியனூர் இருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து பண்ணுருட்டி வழியாகக் கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் போகும் சாலையும் அங்கேதான் குறுக்கிடுகிறது. கோலியனூர்க் கூட்டு ரோட்டில் கால் மணி நேரம் நின்றால், நான்கு திசைகளுக்கும் போகிற ஜனங்களைப் பார்த்துவிடலாம். ஊர்க்காரர்களைக் கேட்டால், "எல்லா பஸ்ஸும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த பஸ்களில், கணவனும் மனைவியும் வேறு காரியம் எதுவுமின்றி, பார்ப்பதற்காகவே ஏறியமர்ந்து போவது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கை விரல்களே போதும்.

இவ்வூராருக்கு வெளிநாடு என்பது புதிய விஷயமும் அல்ல. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. கோலியனூரில் வண்டி ஏறினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பாக வெளிநாடு போய்ச் சேர்ந்துவிடலாம்! நடுவே சுங்கச் சாவடியும் உண்டு, சோதனையும் உண்டு. 1879-ஆம் ஆண்டிலேயே விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை போட்டாயிற்று. பிரிட்டிஷாரின் கைக்கு எட்டாமல் வாழ்வதற்காக பாரதியார் 1908-இலும் அரவிந்தர் 1910-இலும் அந்த நகரத்தைத் தேடிச் சென்றது சரித்திரம் அறிந்த செய்தி.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அது சந்தோஷமான கதையல்ல. 1903 முதல் 1916 வரையில் வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சென்னையில் கப்பலேறி, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள ஃபிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகப் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைரேகை வைத்துப் போனவர்கள் அவர்கள். அவர்களில் கணவனும் மனைவியுமாகச் சென்றவர்களும் உண்டு. எந்தத் தேசத்துக்குப் போகிறோம், எத்தனை தூரம், திரும்பி வருவோமா என்பதெல்லாம் தெரியாமலே கப்பலில் கால் வைத்தார்கள். கடல் கடப்பது அவர்களுக்கு விதியாக இருந்தது. இன்று நமக்கு அது விருப்பம். சுதந்திர தேசத்துப் பிரஜை என்று எழுதிய ஒரு சிறு புஸ்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, போகவும் திரும்பி வரவும் உரிமையோடு புறப்படுவது சாதாரண பாக்கியமா? அந்தப் பாஸ்போர்ட்டுக்குச் சர்க்கார் வாங்கும் கட்டணம் 1,500 ரூபாய். பத்து வருஷம் செல்லும். அதை எடுத்து அலமாரியில் பூட்டி வைப்பதற்காகவா நம் முன்னோர்கள் பாடுபட்டார்கள்?

கொச்சியில் ஒரு டீக்கடை

"பணம் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சரி" என்று நேயர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்குக் கொச்சி நகரத்துத் தம்பதிகள் இருவரை அறிமுகம் செய்து வைக்கிறோம். அவர்கள் பெயர் கே. ஆர். விஜயன், மோகனா. அவர்களுடைய ஆஸ்தி, "ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்" என்ற ஒரு சின்ன டீக்கடை. கடைக்கு வேலையாள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே என்று, அடுப்படி வேலையிலிருந்து பாத்திரம் கழுவுவது வரையில் இருவருமே பார்த்துக்கொண்டார்கள். நாள்தோறும் 300 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அது போதாதபோது பாங்கியில் கடன் வாங்கி யாத்திரை போனார்கள். திரும்பி வந்து, டீ ஆற்றி ஆற்றி அந்தக் கடனை அடைத்தார்கள். அடைத்து முடிந்ததும் அடுத்த யாத்திரைக்குத் திட்டம் போட்டார்கள்.

2007-ஆம் ஆண்டில் இஸ்ரேலுக்குப் போனது அவர்களுடைய முதல் வெளிநாட்டுப் பிரயாணம். அதற்குப் பிறகு சிங்கப்பூர், ஸ்விட்ஸர்லாந்து, அமெரிக்கா, பிரேஸில், அர்ஜென்டைனா என்று ஜாபிதா நீண்டுகொண்டே போயிற்று. போய் வந்த இடங்களின் படங்கள் கடைச் சுவரில் ஏறின. டீ குடிக்க வந்தவர்கள் ஒரு டம்ளர் டீக்கு ஒரு தேசத்தின் கதையையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டு போனார்கள். 2018-இல் அவர்களைப் பற்றி ஒரு குறும்படம் வெளிவந்தது. 2019-இல் தொழிலதிபர் ஆனந்த் மஹீந்திரா, ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் போய்வர அவர்களுக்கு உதவி செய்தார். 2021 அக்டோபரில் இருவரும் ருஷ்யா தேசத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். பதினான்கு வருஷங்களில் 26 தேசங்கள்!

அதே வருஷம் நவம்பர் மாதத்தில், தமது எழுபத்தோராவது வயதில், விஜயன் மாரடைப்பினால் காலமானார். ருஷ்யாவிலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட நிறைவாகியிருக்குமோ, என்னமோ! இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்குத் தோன்றியது ஒன்றுதான். "கடன் எல்லாம் தீரட்டும், பிறகு போகலாம்" என்று அந்த மனிதர் காத்திருந்தால், அந்த அம்மாளுக்கு இன்று நினைத்துப் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

கடன் வாங்கிப் பிரயாணம் போவது சரியா என்ற கேள்வியை நாம் ஒதுக்கிவிடவில்லை. கடை தம்முடையது, உழைப்பு தம்முடையது, வாங்கிய கடனை அடைத்த பிறகே அடுத்தது என்ற கட்டுப்பாடு அந்தத் தம்பதிகளிடம் இருந்தது. அது இல்லாதவர்கள் கடன் வாங்கினால், ஸ்விட்ஸர்லாந்துப் பனிமலை வட்டிக்காரர் முகமாகவே தோன்றும். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது கடனை அல்ல, நாள்தோறும் எடுத்து வைத்த அந்த 300 ரூபாயை. ஒரு வருஷத்தில் அது 1,09,500 ரூபாய். 300 முடியாதவர்கள் 30 வைக்கட்டும். மூன்று வருஷத்தில் 32,850 ரூபாய் சேர்ந்திருக்கும். நேபாளத்துக்குப் போக நமக்குப் பாஸ்போர்ட்கூட வேண்டாம். வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் போதும். முதல் வெளிநாடாக அதை வைத்துக்கொள்ளலாம்.

முதல் பாடம் கூடாரத்தில்

ஆனால் நீந்தத் தெரியாதவன் எடுத்தவுடன் சமுத்திரத்தில் குதிப்பதில்லை. வெளிநாட்டுப் பிரயாணத்துக்குப் பழக்கம் உள்ளூரிலேயே ஏற்பட வேண்டும். அதற்கு உகந்த வழி, இருவருமாகச் சேர்ந்து ஓர் இரவு கூடாரத்தில் தங்கிப் பார்ப்பதுதான்.

முகாம் போடுவது வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்த வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டை வண்டி கட்டிக்கொண்டு திருவண்ணாமலை தீபத்துக்குப் போன நம் பாட்டனும் பாட்டியும் எங்கே படுத்தார்கள்? வண்டியே அவர்களுக்குக் கூடாரம், வைக்கோலே மெத்தை. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பாக்கிப் பொங்கித் தின்றார்கள். இன்றும் மேல்மலையனூரில் அமாவாசை இரவில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் வானத்தின் கீழ்ப் படுத்திருக்கின்றன! நாம் மறந்து போனதை மறுபடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கோலியனூரிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய இடங்களைச் சொல்கிறோம். விழுப்புரம் – செஞ்சிச் சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஒன்றுமில்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் சமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டில் பொறித்து வைத்த குகைக்கோவில் அங்கே உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் செய்த காரியம். சற்று அப்பால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். எண்ணூறு அடி உயரமுள்ள ராஜகிரியில் வெயில் ஏறுவதற்கு முன்பாக ஏறத் தொடங்க வேண்டும்.

திருவக்கரையில் இரண்டு கோடி வருஷங்களுக்கு முன்பு மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்களைக் காணலாம். மரத்தின் வரிகள் அப்படியே கல்லில் தெரிகின்றன. "ஞாபகார்த்தமாக ஒரு துண்டு" என்று யாரும் மடியில் கட்டிக்கொண்டு வரக்கூடாது. அவை தேசத்தின் சொத்து. மரக்காணத்துக்கு அருகே கழுவேலி ஏரி இருக்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் வெகு தூரத்துத் தேசங்களிலிருந்து பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. பாஸ்போர்ட் இல்லாத அந்தப் பிரயாணிகளும் பல சமயங்களில் ஜோடியாகவே காணப்படுகின்றன!

கோட்டைக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் இரவு தங்க அனுமதி கிடையாது. காட்டிலாகாவின் உத்தரவில்லாமல் காட்டிலும் தங்கக் கூடாது. தெரிந்தவர்களுடைய மாந்தோப்பு, கடற்கரையோரச் சவுக்குத் தோப்பு, கிணற்றடி உள்ள கொல்லை இவையே ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றவை. சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையை நம்ப முடியாது. தை, மாசியே சரியான பருவம். தாழ்வான இடத்திலும் புற்றுக்கு அருகிலும் கூடாரம் அடிக்கலாகாது. கீழே விரிக்கத் தார்ப்பாய், கொசுவலை, கைவிளக்கு, குடிக்கத் தண்ணீர், கட்டுச்சாதம் இவை அவசியம். சருகு இருக்கும் இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. மூட்டிய நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகே படுக்க வேண்டும். காலையில் புறப்படும்போது அங்கே யாரும் தங்கியதற்கு அடையாளமே இருக்கக் கூடாது.

கூடாரம் கற்பிப்பது

கூடாரத்தில் அடுக்களை என்று தனி அறை கிடையாது. ஆகையால் "அது அவள் ராஜ்யம்" என்று கணவன் ஒதுங்கி உட்கார முடியாது. தண்ணீர் சுமக்க வேண்டும். சுள்ளி பொறுக்க வேண்டும். வெங்காயம் உரிக்க வேண்டும். உரித்துப் பார்த்தால்தான், இருபது வருஷமாக வீட்டில் யார் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியவரும். மனைவியும், வழி விசாரிப்பது, டிக்கட் வாங்குவது, கணக்கு வைப்பது ஆகியவற்றைத் தானே செய்து பழகலாம். கொச்சியில் கல்லாவையும் கண்டங்களையும் இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொண்டார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நமது வீடுகளில் பெண்மணிகள் போகும் பிரயாணங்களை எண்ணிப் பாருங்கள். பிரசவம் பார்க்கப் போகிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். நோயாளிக்குச் சிசுருஷை செய்யப் போகிறார்கள். அமெரிக்காவுக்கு ஆகாய விமானத்தில் பறந்து போகிற தாய்மார்களிலும் பலர் அங்கே அடுப்படியிலிருந்தே தேசத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வேலைக்காக இன்றி, தன் கண்ணின் சந்தோஷத்துக்காகவே தன் மனைவி ஒருமுறையாவது ஊர் விட்டு ஊர் போயிருக்கிறாளா என்று ஒவ்வொரு கணவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். விடை "இல்லை" என்றால், அடுத்த வீட்டுக்காரரின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

வருகிற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை ஒரு தார்ப்பாயும் ஒரு தூக்குப் பாத்திரம் புளியோதரையும் போதும். 26 தேசங்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஓர் இரவு நட்சத்திரங்களைப் பாருங்கள். இருவருமாகப் பாருங்கள்.