வாழைப்பழம்போல வளைந்த ஸ்கீ: புதுப்பனியில் ராஜா, பனிக்கட்டியில் திண்டாட்டம் – ஏன்?

இரண்டு வகை ஸ்கீக்களைத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒன்று நடுவில் லேசாகத் தூக்கிக்கொண்டு, முன்னும் பின்னும் தரையைத் தொட்டு நிற்கும். இன்னொன்று நேர் எதிர். நடுப்பகுதி தரையில் உட்கார்ந்திருக்கும். இரண்டு முனைகளும் மேலே எழும்பியிருக்கும். முதலாவதற்குப் பெயர் கேம்பர். இரண்டாவது ரிவர்ஸ் கேம்பர். ராக்கிங் சேரின் அடிக்கட்டை மாதிரி வளைந்திருப்பதால் இதை ராக்கர் என்றும் சொல்வார்கள்.

வளைவு என்னவோ சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரைதான். ஆனால், ஒரே மலையில், ஒரே ஆள், ஒரே நாளில் சறுக்கினாலும் இந்தச் சின்ன வளைவு அனுபவத்தையே தலைகீழாக்கிவிடும். குல்மார்க், அவுலி என்று குளிர்கால டிரிப் பிளான் போடுகிறவர்கள் வாடகைக் கடையில் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால், இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

கேம்பர் எதற்கு?

கேம்பர் புதுசு இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே நார்வேயின் டெலிமார்க் பகுதிக் கைவினைஞர்கள் மரத்தில் இந்த வளைவைச் செதுக்கினார்கள். காரணம் எளிமையானது. தட்டையான பலகையின் நடுவில் ஒருவர் ஏறி நின்றால், எடை முழுக்க காலடியில் குவியும். அந்த இடம் மட்டும் பனியில் அமுங்கும். நடுவில் வில் மாதிரி வளைத்துவிட்டால், ஏறி நிற்கும்போது அந்த வில் தட்டையாகி, எடையை முன்முனைக்கும் பின்முனைக்கும் பகிர்ந்து கொடுக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. திரும்பும்போது ஸ்கீயை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். அப்போது ஓரத்தில் உள்ள எஃகு விளிம்பு பனியைக் கீறிப் பிடிக்கும். கேம்பர் ஸ்கீயில் முனை முதல் வால் வரை அந்த விளிம்பு முழுக்க அழுத்தம் கிடைக்கிறது. திருப்பம் முடியும்போது, வளைந்த பலகை ஸ்பிரிங் மாதிரி நிமிர்ந்து அடுத்த திருப்பத்துக்குத் தள்ளிவிடும். ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடும் ஸ்கீக்கள் இன்றும் கேம்பரைக் கைவிடாததற்கு இதுதான் காரணம்.

அப்புறம் ஏன் தலைகீழாக்கினார்கள்?

பிரச்சினை ஆழமான புதுப்பனியில் ஆரம்பித்தது. கெட்டியான பாதையில் கைகொடுக்கும் அதே முனை அழுத்தம், மாவு மாதிரிப் பொலபொலவென்று கிடக்கும் பனியில் எதிரியாகிவிடும். முன்முனை பனிக்குள் புதைந்தால், ஆள் முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்க வேண்டியதுதான். அதைத் தவிர்க்க, பழைய ஸ்கீக்காரர்கள் உடலைப் பின்னால் சாய்த்து, முனையை மேலே தூக்கியபடியே இறங்குவார்கள். பத்து நிமிடத்தில் தொடை எரிய ஆரம்பித்துவிடும்.

இதற்கு வேறு மாதிரி விடை யோசித்தவர் ஷேன் மெக்கான்கி. வான்கூவரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவர், செங்குத்தான மலைகளில் சாகசம் செய்து பெயர் வாங்கிய தொழில்முறை வீரர். அவருடைய கேள்வி இதுதான்: ஆழமான பனி, கெட்டியான தரையைவிடத் தண்ணீர் மாதிரிதானே நடந்துகொள்கிறது? அப்படியென்றால், தண்ணீரில் ஓடும் வாட்டர் ஸ்கீயும் படகும் ஏன் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன? சும்மா யோசித்ததோடு நிற்கவில்லை. வாட்டர் ஸ்கீயிலேயே பனி ஸ்கீயின் பைண்டிங்கை மாட்டி, அலாஸ்காவின் ஆழமான பனியில் இறங்கிக் காட்டினார்.

அந்த யோசனையிலிருந்து வந்ததுதான் வோலண்ட் நிறுவனத்தின் ஸ்பாட்டுலா. 2000-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. வழக்கமான ஸ்கீக்கு நடுவில் இடுப்பு ஒடுங்கி, முனைகள் அகலமாக இருக்கும். ஸ்பாட்டுலாவில் அதுவும் தலைகீழ்: நடுவில்தான் அகலம் அதிகம். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். புதுப்பனியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு அடங்கியது. மெக்கான்கி 2009 மார்ச்சில் இத்தாலியின் டோலோமைட் மலையில், ஸ்கீயோடு பாறை உச்சியிலிருந்து பாராசூட்டில் குதிக்கும் சாகசத்தில் உயிரிழந்தார். ஆனால், அவர் தொடங்கிய வளைவு இன்று ஏதோ ஓர் அளவில் கடைகளில் இருக்கும் பெரும்பாலான ஸ்கீக்களில் இருக்கிறது.

எந்தப் பனியில் எப்படி?

பனி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரே பொருள் இல்லை. அப்போதுதான் விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். காற்று அடித்து இறுக்கியது 300 கிலோவைத் தாண்டலாம். முழுப் பனிக்கட்டி 900 கிலோவுக்கு மேல். ஒரே ஸ்கீ எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆழமான புதுப்பனி: ரிவர்ஸ் கேம்பரின் சொந்த ஊர் இதுதான். மேலே எழும்பிய முன்முனை பனியைக் கிழிக்காமல், அதன் மேல் ஏறுகிறது. வேகம் கூடக் கூட, அடியில் அமுங்கும் பனி ஸ்கீயை மேலே தள்ளுகிறது. ஸ்பீட் போட் வேகமெடுக்கும்போது தண்ணீருக்கு மேலே எழும்புவதைப் போலத்தான். பின்னால் சாய வேண்டியதில்லை. இயல்பாக நடுவில் நின்றாலே போதும். முனைகள் பனியில் மாட்டாததால், காலை லேசாகத் திருப்பினாலே ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கி வேகத்தைக் குறைக்கும். மரங்களுக்கு நடுவே இறங்கும்போது இது பெரிய உதவி.

பலர் ஓட்டிக் கலைத்த பனி: மதியத்துக்கு மேல் புதுப்பனி குண்டும் குழியுமாகிவிடும். முன்முனை எழும்பியிருப்பதால் குவியல்களில் முட்டாமல் ஏறிப் போகலாம். ஆனால், ஸ்கீ ரொம்ப லேசாகவும் தொளதொளவென்றும் இருந்தால், ஒவ்வொரு குவியலும் அதை ஒரு பக்கம் தட்டிவிடும். இங்கே வளைவோடு எடையும் விறைப்பும் தேவை.

மேலே ஓடு கட்டிய பனி: வெயிலோ காற்றோ பட்டு மேல்பரப்பு இறுகியிருக்கும், கால் வைத்தால் உடைந்து உள்ளே போகும். அனுபவசாலிகளுக்கும் பயம் தரும் பனி இது. கேம்பர் ஸ்கீயின் முனை அந்த ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டால், ஸ்கீ ஒரு திசையிலும் உடல் இன்னொரு திசையிலும் போகும், முழங்கால் முறுக்கிக்கொள்ளும். முனை எழும்பிய ஸ்கீ மாட்டும் வாய்ப்பு குறைவு. ஆபத்து குறையும், அவ்வளவுதான், இல்லாமல் போகாது.

ஈரப்பனி: வசந்த காலத்தில் பிற்பகல் பனி, கரைந்த ஐஸ்கட்டி மாதிரிக் கொழகொழவென்று இருக்கும். இதிலும் ராக்கருக்கு நல்ல மதிப்பெண்தான். முனை புதையாது, திருப்புவதும் சுலபம்.

இயந்திரம் சமன்செய்த பாதை: இங்கேதான் ஆட்டம் மாறுகிறது. தட்டையாக ஓடும்போது முழு ராக்கர் ஸ்கீயில் நடுப்பகுதி மட்டுமே பனியைத் தொடும். 185 சென்டிமீட்டர் ஸ்கீ, அதைவிடக் குட்டையான ஒன்றைப் போல நடந்துகொள்ளும். வேகத்தில் முன்முனை படபடவென்று அடிக்கும். நேராகப் போகச் சொன்னால் இப்படியும் அப்படியும் அலையும். நன்றாகச் சாய்த்து ஓட்டத் தெரிந்தவர்கள் விளிம்பில் கொஞ்சம் கூடுதல் நீளத்தைப் பனியில் இறக்கிவிடலாம். ஆனாலும், கேம்பர் தரும் அந்த ஸ்பிரிங் உதை கிடைக்காது.

பனிக்கட்டி: ராக்கரின் பலவீனம் முழுசாகத் தெரியும் இடம். பிடிப்பு தேவைப்படும்போது முனையிலும் வாலிலும் அழுத்தம் இல்லை. போதாக்குறைக்கு, பவுடர் ஸ்கீக்கள் அகலமானவை. பூட்ஸுக்கு நேர் கீழே விளிம்பு இல்லாமல் வெளியே தள்ளியிருப்பதால், அதைச் சாய்த்துப் பிடிக்கவே கூடுதல் பலம் வேண்டும். இரவில் உறைந்து காலையில் கண்ணாடி மாதிரி மின்னும் சரிவில், முழு ராக்கரோடு இறங்குவது தேய்ந்த டயரோடு மழையில் பைக் ஓட்டுவதற்குச் சமம்.

மேடுபள்ளச் சரிவு: வரிசையாக மேடுகள் இருக்கும் இடத்தில் சட்டென்று திரும்புவது ராக்கரில் ஈஸி. ஆனால், 110 மி.மீ.க்கு மேல் அகலமான ஸ்கீயைக் குறுகிய பள்ளங்களில் மாற்றி மாற்றித் திருப்புவது சிரமம். வளைவு கொடுத்ததை அகலம் பறித்துக்கொள்கிறது.

ரெண்டும் சேர்ந்தால்?

முழு ரிவர்ஸ் கேம்பர் என்பது இன்று ஒரு சிறப்பு ஆயுதம். ஆழமான பனிக்கு மட்டும். மற்றபடி நிறுவனங்கள் நடுவழியைப் பிடித்துவிட்டன. காலடியில் கேம்பர், முன்முனையில் மட்டும் ராக்கர் என்பது ஒரு வகை. முன்னும் பின்னும் ராக்கர், நடுவில் கேம்பர் என்பது இன்னொரு வகை. கெட்டியான பாதையில் நடுப்பகுதி பிடித்துக்கொள்ளும். புதுப்பனி வந்தால் முனை மேலே ஏறும். இரண்டிலும் முதல் மார்க் கிடைக்காது. இரண்டிலும் பாஸ் ஆகிவிடலாம்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் முன்முனையில் சிறிதளவு ராக்கர் உதவுகிறது. விளிம்பு தவறாகப் பனியில் மாட்டி விழுவது குறையும். ஆனால், முதல் நாளே அகலமான முழு ராக்கர் வேண்டாம். சமன்செய்த பாதையில் அது அலையும்; விளிம்பைப் பயன்படுத்தும் அடிப்படைப் பழக்கமே வராது.

வாடகைக் கடையில் என்ன பார்க்கலாம்?

ஒரு எளிய சோதனை உண்டு. ஜோடியின் இரண்டு ஸ்கீக்களையும் அடிப்பக்கம் அடிப்பக்கமாகச் சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்து, முனைகளுக்குப் பக்கத்தில் தொட்டால் கேம்பர். நடுவில் தொட்டு, முனைகளை நோக்கி நீண்ட தூரத்துக்கு விலகிக்கொண்டே போனால் ராக்கர். நடுவில் சின்ன இடைவெளியும் முனைகளில் விலகலும் சேர்ந்தே இருந்தால் கலப்பு வகை.

அடுத்து அகலம். ஸ்கீயின் நடுப்பகுதி ஏறத்தாழ 85 மி.மீ.க்குள் இருந்தால் அது சமன்செய்த பாதைக்கு. 85 முதல் 105 வரை எல்லாவற்றுக்கும் பொது. 110-ஐத் தாண்டினால் ஆழமான பனிக்கானது. நீளத்தில், ராக்கர் ஸ்கீ குட்டையாகத் தோன்றும் என்பதால் வழக்கமான அளவைவிட 5 முதல் 10 செ.மீ. நீளமாக எடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியம்: பைண்டிங் உங்கள் எடைக்கும் பூட்ஸுக்கும் ஏற்பச் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். விழும்போது அது கழன்றால்தான் கால் தப்பிக்கும்.

ஸ்கீ மிதக்கும், சரிவு தாங்குமா?

ராக்கர் வந்த பிறகு ஆழமான பனியில் சறுக்குவது பலருக்கும் எட்டும் விஷயமாகிவிட்டது. முன்பு பல ஆண்டு பயிற்சி கேட்ட சரிவுகளில், இப்போது நடுத்தரத் திறமை உள்ளவர்களும் இறங்க முடிகிறது. ஆனால், சறுக்கும் திறமை குறைவாகவே போதும் என்பதற்காக, மலையின் ஆபத்து குறைந்துவிடவில்லை.

குல்மார்க் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து, கோண்டோலா ரோப் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டிய உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. கீழே இருக்கும் பயிற்சிச் சரிவுகள் மென்மையானவை. மேலே இருப்பது பெரும்பாலும் சமன்செய்யப்படாத இயற்கைப் பனி. ரிவர்ஸ் கேம்பர் ஸ்கீ ஏங்கும் இடம் அதுதான். பனிச்சரிவு நிகழும் இடமும் அதுதான். 2023 பிப்ரவரியில் அங்கே போலந்தைச் சேர்ந்த 2 பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தனர்.

பலகை போல இறுகிய பனி அடுக்கு உடைந்து சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில். பவுடர் பனியில் சறுக்கச் சுகமான சாய்வும் ஏறத்தாழ அதேதான். புதைந்தவரை முதல் 10–15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால்தான் டிரான்ஸீவர் கருவி, மண்வாரி, பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி ஆகிய மூன்றையும் கூட வருகிற ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். வைத்திருந்தால் மட்டும் போதாது, பயன்படுத்தப் பழகியிருக்கவும் வேண்டும். உள்ளூர் வழிகாட்டியும், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையும் இதில் சேர்த்தி.

மொத்தத்தில், முதல் முறை போகிறவர்களுக்கு முன்முனையில் மட்டும் லேசான ராக்கர் உள்ள, குறுகலான ஸ்கீ போதும். பாதையிலும் புதுப்பனியிலும் மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்குக் கலப்பு வகை. முழு ரிவர்ஸ் கேம்பரை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நேற்று ராத்திரி எவ்வளவு பனி விழுந்தது? அந்தப் பனி இன்றைக்குச் சரிவில் நிற்குமா? முதல் கேள்விக்கு ஸ்கீ பதில் சொல்லும். இரண்டாவதற்கு மலையைத் தெரிந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.