பழைய யாஹூ ஐடி இன்னும் இருக்கிறதா?

2001-ல் காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான் என் முதல் இமெயில் ஐடியை உருவாக்கினேன். யாஹூ ஐடிதான். அன்று கோவையில் பலருக்கு இன்டர்நெட் என்றாலே யாஹூதான். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் விசிட்டிங் கார்டிலும் யாஹூ முகவரியைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் உதவும் என்று ஒரு ரகசியக் கேள்வியும் பதிலும் கேட்டார்கள். பெருந்துறையில் நான் படித்த ஸ்கூல் பெயரைக் கொடுத்தேன். பிறகு வேறு பல தளங்களிலும் அதே பதில்தான். நீங்களும் அப்படித்தானே?

2016 செப்டம்பரில் யாஹூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2014-ல் 50 கோடி கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டனவாம். டிசம்பரில் அடுத்த அறிவிப்பு: 2013-ல் நடந்த வேறொரு திருட்டில் 100 கோடி. 2017 அக்டோபரில் அந்த எண்ணிக்கையையும் திருத்தி 300 கோடி என்றார்கள். அதாவது 2013-ல் இருந்த எல்லாக் கணக்குகளும்! பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் போயின. சிலருடைய ரகசியக் கேள்வி பதில்கள் என்கிரிப்ட் செய்யப்படாமலே இருந்தன. பாஸ்வேர்டுகள் நேரடியாக இல்லாமல் ‘ஹேஷ்’ என்ற மாற்று வடிவில்தான் இருந்தன. ஆனால் 2013-ல் திருடு போனவை எம்டி5 என்ற பழைய முறையில் மாற்றப்பட்டவை. சுலபமான பாஸ்வேர்டாக இருந்தால், கம்ப்யூட்டரை வைத்துக் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பாஸ்வேர்டையாவது மாற்றிக்கொள்ளலாம். படித்த ஸ்கூலை எப்படி மாற்றுவது?

திருட்டு எந்த வீட்டிலும் நடக்கலாம். 2014 திருட்டு பற்றி சில நாட்களிலேயே யாஹூவின் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிந்துவிட்டது என்றும், இரண்டு வருடங்கள் முதலீட்டாளர்களுக்குச் சொல்லவில்லை என்றும் கூறி, அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. எனக்கு நம்பிக்கை போனது அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான்.

உங்களிடம் பழைய யாஹூ ஐடி இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். 12 மாதம் திறக்காத ஐடிகளை வேறு ஆட்களுக்குக் கொடுக்கும் திட்டத்தை யாஹூ 2013-லேயே அறிவித்தது. எனவே முதலில் பாங்க், இன்சூரன்ஸ் போன்ற இடங்களில் உள்ள முகவரியை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் கொடுத்தீர்களோ அங்கெல்லாம் புதிதாகக் கொடுங்கள். டூ-ஸ்டெப் வெரிபிகேஷன் வசதியை ஆன் செய்யுங்கள்.

இன்னொன்று. ரகசியக் கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் தரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்த ஸ்கூல் என்று கேட்டால் நான் இப்போது கொடுப்பது ஒரு பலகாரத்தின் பெயரும் நான்கு எண்களும். எந்தப் பலகாரம் என்பது பீரோவில் இருக்கும் நோட்டுக்குத்தான் தெரியும்.