ஃபைட்டர் மீன் ஏன் துப்புகிறது?

தண்ணீரில் ஓர் உருண்டைத் தீவனம் விழுகிறது. ஃபைட்டர் மீன் பாய்ந்து வருகிறது; அரை அங்குலம் இருக்கும்போது சட்டென்று நிற்கிறது. பக்கத் துடுப்புகள் மட்டும் படபடக்கின்றன. இரண்டு கண்களும் உருண்டையை நோக்கித் திரும்புகின்றன. லபக்கென்று கவ்வுகிறது. மறுநொடி துப்புகிறது. மறுபடி கவ்வி, மறுபடி துப்பிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் செடிப்பக்கம் போய்விடுகிறது. மூன்று நாள் இப்படியே நடந்தால் வளர்ப்பவருக்குச் சோறு இறங்காது.

பிடிவாதம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்தச் சில நொடிகளில் மீனின் கண், தோல், உதடு, தொண்டை எல்லாம் சேர்ந்து ஒரு சோதனை நடத்துகின்றன. எல்லாம் சம்மதித்தால்தான் உருண்டை வயிற்றுக்குள் போகும்.

இந்தச் சோதனைக்கூடம் உருவான இடம் தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றுப் படுகை. பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று 1910இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீனின் பூர்வீகம் அங்குள்ள நெல்வயல்களும் சதுப்புகளும் வாய்க்கால்களும்தான். மனிதர்கள் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்து வருகிறார்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

வயல் தண்ணீர் ஆழமில்லாதது, வெயிலில் சுடுவது, தழை அழுகிக் கிடப்பது. அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். ஃபைட்டர் மீன் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் அறையை வைத்திருக்கிறது. இதற்கு லாபிரிந்த் உறுப்பு, அதாவது காற்றை நேரடியாக உறிஞ்சும் துணைச் சுவாச உறுப்பு, என்று பெயர். மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துப் போகும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை நெடுநேரம் தரையில் தாக்குப்பிடிப்பதும் இதே உறுப்பால்தான், இரண்டும் உறவுக்காரர்கள்.

அதே வயலில் கொசுப்புழுவும் வாழ்கிறது. அதற்கும் காற்று வேண்டும். வாலருகே உள்ள குழாயை நீர்ப்பரப்பில் செருகித் தலைகீழாகத் தொங்குகிறது. தின்னும் மீனும் தின்னப்படும் புழுவும் மூச்சுக்காக ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். ஃபைட்டர் மீனின் வாய் மேல்நோக்கித் திறப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அடியில் போய்த் தங்கிய உருண்டையைப் பல ஃபைட்டர்கள் தேடிப் போவதே இல்லை. சாப்பாடு மேலிருந்து வரும் என்று உடம்பே நம்புகிறது.

கொசுப்புழு நெளியும். உருண்டை நெளியாது. முதல் சிக்கல் இங்கேதான். மீனின் கண் அசைவைத் தேடுகிறது. கூடவே, உடம்பின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு தண்ணீரின் சிறு அதிர்வையும் பிடித்துவிடும். அதில் இருக்கும் நுண்மயிர் செல்கள் நம் உட்காதில் இருப்பவற்றின் இனத்தைச் சேர்ந்தவை. தண்ணீர் தரும் செய்தியைத் தோலாலேயே கேட்கிறது என்று சொன்னால் மிகையில்லை. அசையாமல் மிதக்கும் பழுப்பு உருண்டை இந்த இரண்டு கருவிகளுக்கும் ஒரு குப்பைத் துணுக்கு. அதையே ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியில் ஈரமாக ஒட்டி, நீர்ப்பரப்பில் மெல்ல நடுங்கவிட்டுப் பாருங்கள். ஒதுங்கிக் கிடந்த மீன் விறைப்பாகத் திரும்பும்.

அடுத்தது கவ்வல். கவ்வல் என்று சொன்னாலும் மீன் இரையைக் கடித்து எடுப்பதில்லை. தாடையையும் தொண்டையையும் திடீரென விரிக்கிறது; உள்ளே அழுத்தம் குறைகிறது; தண்ணீர் இரையோடு உள்ளே பாய்கிறது. நாம் கண்ணிமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இந்த உறிஞ்சலின் பலம் வாயின் அகலம் அளவு தூரத்துக்குத்தான் எட்டும். அதைத் தாண்டினால் தண்ணீர் அசைந்தும் கொடுக்காது. மீன் அவ்வளவு நெருங்கி வந்து குறி பார்த்ததற்கு இதுவே காரணம்.

இனி அந்தத் துப்பல். எனக்கு இந்த மீனிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான். மீனுக்கு நம்மைப்போல் புரட்டிப்போடும் சதைநாக்கு கிடையாது. உணவைத் திருப்ப, நகர்த்த, தொண்டைப் பற்களிடம் சேர்க்க, அது தண்ணீரையே பயன்படுத்துகிறது. நாம் வாய் கொப்பளிப்பதுபோல நீரை முன்னும் பின்னும் ஓட்டி இரையைச் சரியான நிலைக்குக் கொண்டுவருகிறது. உருண்டை கடினமாகவோ பெரிதாகவோ இருந்தால் வெளியே தள்ளி, ஊறவிட்டு, மறுபடி இழுக்கிறது. ஆக, துப்பித் துப்பித் தின்னும் மீன் உணவை வெறுக்கவில்லை, மென்றுகொண்டிருக்கிறது. துப்பிவிட்டு விலகிப்போனால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதல் வைத்தியம் எளிது. தொட்டித் தண்ணீரில் ஓரிரு நிமிடம் ஊறவைத்து, பெரிய உருண்டையைப் பாதியாக நறுக்கிப் போடுங்கள்.

உள்ளே போன உணவு ருசிச் சோதனையையும் தாண்ட வேண்டும். மீனின் சுவை அரும்புகள் வாய்க்குள்ளும் உதட்டிலும் இருக்கின்றன. புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களை அவை கூர்மையாகக் கண்டுகொள்ளும். புலி பசித்தாலும் புல் தின்னாது, ஃபைட்டரும் அப்படித்தான். புழுவும் பூச்சியும் தின்னப் பிறந்த மீனுக்குக் கோதுமை மாவு மிகுந்த மலிவுத் தீவனம் ருசிக்காது, ஒத்துக்கொள்ளவும் செய்யாது. டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். முதலில் மீன்தூளோ இறாலோ பூச்சியோ இருக்க வேண்டும்.

கண்ணும் ருசியும் சம்மதித்தாலும் தண்ணீரின் சூடு மறுக்கலாம். மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ்வரை ஃபைட்டருக்கு உகந்தது. அதற்குக் கீழே இறங்க இறங்கச் செரிமானம் மந்தமாகிறது, பசியும் அடங்குகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஹீட்டர் இல்லாமல் ஃபைட்டர் வளர்த்துவிட்டு அது சாப்பிடவில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை.

உடலைச் சூடாக வைத்திருக்கச் செலவு இல்லாததால் இந்த மீனின் தேவையும் மிகக் குறைவு. அதன் வயிறு அதன் கண் அளவுதான் என்பது வளர்ப்பவர்களின் கைக்கணக்கு. சிறிய உருண்டை என்றால் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று போதும். ஆரோக்கியமான வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைச் சிரமமில்லாமல் தாங்கும். பயந்துபோய் மேலும் மேலும் கொட்டுவதுதான் ஆபத்து. தின்னாத தீவனம் அழுகி அம்மோனியாவாகிறது, அம்மோனியா மீனின் பசியைக் கெடுக்கிறது, இன்னும் தீவனம் மிஞ்சுகிறது. பத்து நிமிடத்தில் தின்னாததை வெளியே எடுத்துவிடுங்கள்.

சில சமயம் மீனின் பழைய வாழ்க்கையே காரணமாக இருக்கும். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களிலிருந்து வரும் ஃபைட்டர்களில் பல, உயிருள்ள புழு தின்று வளர்ந்தவை. அவற்றுக்கு உருண்டை உணவு என்பதே தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் உறைந்த பிளட்வார்ம், அதாவது கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் சிவப்புப் புழு, கொடுங்கள். அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அந்தப் புழு உயிர் வாழ்வதே இதனால்தான். அந்தப் புழுவின் சாற்றில் உருண்டையை ஊறவைத்து, புழுவோடு சேர்த்துப் போடுங்கள். நாளடைவில் புழுவைக் குறைத்து உருண்டையைக் கூட்டுங்கள். இடையில் ஒரு நாள் பட்டினி நல்லது.

எதற்கும் மசியாத மீனுக்கு ஆர்டீமியா இருக்கிறது. உப்பேரிகளில் வாழும் இந்தச் சிற்றிறாலின் முட்டைகள் காய்ந்த தூளாகப் பல ஆண்டுகள் உறங்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று குமிழிடவிட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சுகள் துடித்தபடி வெளிவரும். அசைவு, ருசி, சரியான அளவு மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம். நோய் கூடவே வரும்.

தான் கட்டிய நுரைக்கூட்டின் கீழ் முட்டைகளைக் காக்கும் ஆண் ஃபைட்டர் பெரும்பாலும் சாப்பிடாது. விழும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் வைக்கும் நாட்கள் அவை. அந்தப் பட்டினியைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஆனால் துடுப்புகள் ஒடுங்கி, செதில்கள் சிலிர்த்து, வயிறு உப்பிய மீன் சாப்பிடவில்லை என்றால் அது நோய். தீவனத்தை மாற்றிப் பயனில்லை.

புதிதாக ஃபைட்டர் வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் வாலையும் பார்ப்பதோடு, கடைக்காரரிடம் இதுவரை அதற்கு என்ன போட்டீர்கள் என்று கேளுங்கள். அதே உணவில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.