சோவியத் கலத்தில் ஏறிய பிரெஞ்சு விமானி

மேற்கு ஐரோப்பாவிலிருந்து முதலில் விண்வெளிக்குப் போனவர் ழான்-லூ கிரேத்தியன். 1982 ஜூன் 24 அன்று அவர் ஏறிப் போனது சோவியத் யூனியனின் சோயுஸ் டி-6 கலம்.

பனிப்போர்க் காலத்தில் ஒரு பிரெஞ்சுப் போர் விமானிக்கு அங்கே எப்படி இடம் கிடைத்தது? ஆளை அனுப்பும் கலம் பிரான்ஸிடம் இல்லை. ஆனால் 1966 முதலே சோவியத்துடன் அதற்கு விண்வெளி ஒத்துழைப்பு உடன்பாடு இருந்தது. அந்த உறவின் தொடர்ச்சியாக, 1979-ல் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேன் மாஸ்கோ போனபோது, உங்கள் நாட்டவர் ஒருவரை அழைத்துப் போகிறோம் என்றார் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ்.

1980-ல் இருவர் தேர்வானார்கள். ஒருவர் பத்ரிக் போத்ரி. மற்றவர் 1938-ல் லா ரோஷெலில் பிறந்த கிரேத்தியன். புதிய விமானங்களை ஓட்டிச் சோதிக்கும் விமானி. மாஸ்கோவுக்கு அருகே உள்ள நட்சத்திர நகரில் ரஷ்ய மொழியும் சேர்த்துப் பயிற்சி. இடையே குழுத் தலைவர் மலிஷேவுக்குப் பதிலாக ஜானிபெகோவ் வந்தார். இந்த மலிஷேவ்தான் 1984-ல் நம் ராகேஷ் சர்மாவைச் சல்யூட்-7 விண்வெளி நிலையத்துக்கு அழைத்துப் போனவர்.

கிரேத்தியன் போனதும் அதே நிலையத்துக்குத்தான். நெருங்கும் நேரத்தில் கலத்தின் கணினி பழுதானது. ஜானிபெகோவ் கையாலேயே ஓட்டிப் போய் இணைத்தார். உள்ளே கிரேத்தியனின் முக்கிய வேலை மருத்துவ ஆய்வு. எடையற்ற நிலையில் உடலின் நீர்மங்கள் கால்களை விட்டு மார்புக்கும் தலைக்கும் ஏறுகின்றன; முகம் உப்பிவிடும். அப்போது இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரெஞ்சு அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தார்கள். இதற்காகவே அந்த எட்டு நாள் பயணத்தை வெறும் அரசியல் விருந்தோம்பல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய பெரிய சாதனை 1988-ல், இரண்டாம் பயணத்தில் வந்தது. சோவியத்தின் மிர் நிலையத்திலிருந்து டிசம்பர் 9 அன்று சோவியத் விண்வெளி வீரர் வோல்கோவுடன் வெளியே இறங்கி, ஏறக்குறைய ஆறு மணி நேரம் வேலை செய்தார். அமெரிக்கரோ சோவியத் நாட்டவரோ அல்லாத ஒருவர் விண்ணில் நடந்தது அதுவே முதல் முறை. பிரான்ஸில் செய்த மடக்குச் சட்டம் ஒன்றை வெளியே பொருத்தி விரிக்க வேண்டும். கட்டளை கொடுத்தும் அது திறக்கவில்லை. கடைசியில் வோல்கோவ் காலால் ஓர் உதை விட்டார், சட்டம் விரிந்துகொண்டது! காற்றடைத்த உடைக்குள் விரலை மடக்குவதே பெரும்பாடு. நுட்பமாகக் கோத்த ஒரு பொருளை உதைப்பதற்கு அங்கே எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்த முறை பூமிக்குத் திரும்பும்போது கலத்தில் கிரேத்தியனுடன் இருந்தவர்கள் மிரில் ஓராண்டைக் கழித்த டிட்டோவும் மனாரோவும்.

சோவியத் யூனியன் கலைந்தபின், 1997 செப்டம்பரில், அமெரிக்க விண்ணோடமான அட்லாண்டிஸில் மூன்றாம் முறை கிளம்பினார். வயது 59. போன இடம் மீண்டும் மிர். சக பயணிகளில் டிட்டோவும் ஒருவர். ரஷ்ய நிலையத்தையும் ரஷ்ய மொழியையும் நன்கு அறிந்தவர்கள் அமெரிக்கர்களுக்கு அப்போது தேவைப்பட்டார்கள். கிரேத்தியனுக்கு அதுவே கடைசிப் பயணம். மூன்றையும் கூட்டினால் விண்ணில் அவர் இருந்தது 43 நாட்கள்.