டெண்ட்டைத் தூக்குமுன் ஒரு டீ

அக்கா மகன் தி. நகரில் ஒரு டெண்ட் வாங்கிவிட்டான். அதை எங்கே அடிப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. மந்தைவெளி டீக்கடையில் உட்கார்ந்து கேட்டான்: "மாமா, 'கிளார்க்சன்ஸ் ஃபார்ம்' பார்த்தீங்களா? அங்க பக்கத்துல டெண்ட் போட்டுத் தங்குறாங்களாம். நம்ம ஊர்ல அப்படி ஒரு பண்ணை இருக்கா?" (மயிலாப்பூர்க்காரனுக்குக் காபிதான் என்பதெல்லாம் காலை பத்து மணி வரைதான். சாயங்காலம் எங்களுக்கும் டீதான்.)

இருக்கிறது. ஆனால் முதலில் அந்த ஊர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கார்களைப் பற்றிப் பேசியே பேர் வாங்கிய ஜெரமி கிளார்க்சன், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 2008-ல் வாங்கிய நிலம் அது. சுமார் 1000 ஏக்கர். பல வருஷம் வேறொருவர்தான் பயிர் செய்தார். அவர் ஓய்வு பெற்றதும் 2019-ல் இவரே டிராக்டரில் ஏறினார். 2021 ஜூனில் அமேசான் பிரைமில் அந்தத் தொடர் வந்தது. முதல் வருஷக் கணக்கு முடிந்தபோது கையில் நின்ற லாபம் 144 பவுண்டு. ஆயிரம் ஏக்கர் பண்ணைக்கு! ஆனால் பண்ணைக் கடை வாசலில் கூட்டம் அலைமோதியது. ஒரு சின்னக் கிராமத்துச் சாலையில் கார்கள் வரிசைகட்டி நிற்க, ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். உணவகம் வைக்க மாவட்டக் கவுன்சில் அனுமதி மறுத்தது.

"அப்போ டெண்ட்?"

அதற்குத்தான் வருகிறேன். வயல் தராத காசை விருந்தாளி தருவான் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குப் பழகிப்போன விஷயம். 2023 ஜூலையில் இங்கிலாந்தில் விதியையும் தளர்த்தினார்கள். கட்டட அனுமதி என்று தனியாக மனுப் போடாமலே ஆண்டுக்கு 60 நாள், 50 கூடாரம் வரை நிலத்தில் போட விடலாம். முன்பு இது 28 நாள். கவுன்சிலுக்கு ஒரு தகவல் கொடுத்தால் போதும். டிவி பார்த்துவிட்டு வருகிறவன் பக்கத்து வயலில் படுக்க அந்த விதியும் ஒரு வழி.

நம் பக்கம் வருவோம். விவசாயமும் டிவியும் நமக்குப் புதுசா என்ன? டெல்லியில் 'கிருஷி தர்ஷன்' தொடங்கியது 1967-ல். சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. 'வயலும் வாழ்வும்' ஓடி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த தலைமுறை நாங்கள். மயிலாப்பூர் மாடியில் உட்கார்ந்து நெல்லுக்கு எத்தனை கிலோ யூரியா என்று கேட்டு என்ன செய்வது?

அந்த யூரியா பேச்சுக்கு மறுபேச்சாகத் திரையில் வந்தவர் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார். வெண்தாடி, பச்சைத் துண்டு, எதிரில் உட்கார்ந்தவனோடு பேசுகிற மாதிரியே ஒரு பேச்சு. விவசாயப் பட்டப்படிப்பு படித்து, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். மழையை நம்பி நிற்கும் ஏழை விவசாயிக்கு இந்த ஆராய்ச்சியால் பயனில்லை என்று 1969-ல் வேலையை விட்டார். கடைசிக் காலத்தில் கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கியது 'வானகம்' பண்ணை. 2013 டிசம்பர் 30-ல் காலமானவரை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். அவன் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இந்த இடம்தான்.

ஆனால் இது சுற்றுலாப் பண்ணை இல்லை. பயிற்சி முகாம் நடக்கும். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போய்த் தங்க வேண்டும். போனால் மண்வெட்டி பிடிக்கவும் தயாராக இருக்க வேண்டும். அவர் பரப்பிய முறைகளில் ஒன்று இருமடிப் பாத்தி. மேல்மண்ணை எடுத்து ஒரு பக்கம் வை. அடிமண்ணையும் ஆழமாகக் கிளறு. இலைதழை, சாணி எல்லாம் போட்டு மேல்மண்ணைத் திரும்ப மூடு. அப்புறம் அதன்மேல் கால் வைக்கவே கூடாது. வேர் கீழே போக வழி கிடைத்துவிட்டால், குறைந்த தண்ணீரில் காய்கறி வரும். இன்னொன்று மூடாக்கு. உச்சி வெயிலில் வெற்றுத்தரையில் கை வைத்தால் சுடும். வைக்கோல் போட்டு மூடிய இடத்தில் வைக்கோலை விலக்கி விரலை விட்டுப் பார், ஈரம் ஒட்டும். மழை குறைந்த அந்த வானம் பார்த்த பூமியில் இதைப் பார்ப்பதற்கே ஒரு முறை போகலாம்.

"ராத்திரி என்ன பண்றது மாமா?"

ராத்திரிதான் விசேஷமே. கடவூரைச் சுற்றி மலை. அந்த மலைக்காடும் திண்டுக்கல் மாவட்டக் காடும் சேர்ந்து 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் வந்த முதல் சரணாலயம். 'தேவாங்கு மாதிரி முழிக்காதே' என்று நாம் திட்டுகிற அதே பிராணிதான். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பில் முக்கால்வாசி கண். பகலெல்லாம் தூங்கி, இருட்டியதும் கிளையில் மெல்ல நகர்ந்து பூச்சி பிடிக்கும். பயிரைத் தின்னும் பூச்சியும் அதில் அடக்கம். மருந்து அடிக்காத விவசாயத்துக்குக் கூலி கேட்காத ஆள்.

காட்டுக்குள் டெண்ட் அடிக்கலாமா என்று கேட்டான். கூடாது. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் கால் வைப்பதே குற்றம். பண்ணையிலோ, கேட்டுக்கொண்டு யாராவது ஒருவர் நிலத்திலோதான் அடிக்கலாம். அதுவும் மார்கழி, தை மாதங்களில். சித்திரையில் காலை எட்டு மணிக்கே டெண்ட் இட்லிக்குண்டான் ஆகிவிடும். மார்கழியிலும் ஜிப்பை முழுசாக மூடிப் படுத்தால் விடியற்காலையில் உன் மூச்சுக்காற்றே நீராகித் துணியிலிருந்து முகத்தில் சொட்டும். இரண்டு பக்கமும் ஒரு சாண் திறந்து வை. புளியமரத்தடி வேண்டாம். பேய் இருக்கிறதோ இல்லையோ, எறும்பு நிச்சயம்.

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் திண்டுக்கல். அங்கிருந்து கடவூருக்குச் சாலை வழி. டெண்ட்டை விடப் பெரிய செலவெல்லாம் ஒன்றும் இல்லை. தேவாங்கின் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடிக்கக் கூடாது என்பதால் ஆய்வாளர்கள் சிவப்பு விளக்கைத்தான் பிடிப்பார்கள். டீக்குக் காசு நான் தருகிறேன். நீ லஸ் பக்கம் போய் டார்ச்சுக்கு ஒட்ட ஒரு சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கிக்கொள்.