தேர்வு முடிந்த பிறகு நூலகச் சாவி யாரிடம்?

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. கெடு நெருங்குவதால் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: எங்கள் ஊர் நூலகத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தலாமா, அதற்கு யாரைக் கூட்டுச் சேர்ப்பது?

நடத்தலாம், நடத்தவும் வேண்டும். அதற்கு முன், 'எழுத்தறிவு பெற்றவர்' என்று அரசு யாரைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். வரையறையில் புரிந்து படிப்பது, பணத்தைக் கையாள்வது, மின்னணுப் பரிமாற்றம் எல்லாம் இருக்கின்றன. நடைமுறையில் இருப்பது 150 மதிப்பெண் தேர்வு. வாசித்தல், எழுதுதல், கணக்கு ஒவ்வொன்றும் 50. ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் எடுத்தால் சான்றிதழ், பெயர் கணக்கில் ஏறிவிடும். ஒரு மாநிலத்தில் 95 சதவீதம் பேர் எழுத்தறிவு பெற்றாலே அது முழு எழுத்தறிவுக்குச் சமம் என்று 2024-ல் மத்திய கல்வி அமைச்சகம் வரையறுத்தது. மிசோரம், கோவா, திரிபுரா ஆகியவை 2025-ல் அப்படி அறிவித்துக்கொண்டன.

எனக்கு உறுத்துவது மதிப்பெண்ணின் அளவுகூட இல்லை. தேர்வு நாளோடு கணக்கு முடிந்துவிடுவதுதான் உறுத்துகிறது. 50-க்கு 17 எடுத்த ஓர் அம்மா ஆறு மாதம் எதையும் படிக்காமல் இருந்தால் எழுத்து கைவிட்டுப் போகும். ஆனால் ஏறிய எண்ணிக்கை இறங்காது. 1990-களில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். மாவட்டமே பொங்கி எழுந்தது. ஆனால், பிறகு தொடர்கல்வி தளர்ந்த இடங்களில் கற்றவர்களில் பலர் மறுபடி கைநாட்டுக்கே திரும்பினார்கள் என்பது அதில் உழைத்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே நூலகத்தின் வேலை தேர்வுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கூட்டாளிகளையும் அதை வைத்தே தேட வேண்டும்.

முதல் கூட்டாளி மகளிர் சுயஉதவிக் குழு. படிக்கத் தெரியாதவர் தாமாக நூலகப் படியேற மாட்டார், வெட்கம் தடுக்கும். "யாருக்கெல்லாம் எழுதத் தெரியாது?" என்று வீடு வீடாகக் கேட்டால் பாதிப் பேர் மறைத்துவிடுவார்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தால் கையெழுத்துகளுக்கு நடுவே கட்டைவிரல் ரேகைகள் இருக்கும். யார் என்று ஊக்குநருக்குத் தெரியும், கூச்சமில்லாமல் கூப்பிடவும் அவரால் முடியும். யாரையும் அவமானப்படுத்தாமல் ஆள் சேர்க்க இதைவிட நல்ல வழி நான் அறிந்து இல்லை. பட்டியலைச் சுவரில் ஒட்டாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, சொல்லிக்கொடுப்பவர்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உற்சாகமாக வருவார்கள், பருவத்தேர்வு வந்ததும் காணாமல் போவார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை அவர்களோடு சேர்த்தே போடுங்கள்.

மூன்றாவதுதான் சிக்கல்: சாவி. வயல் வேலை, கட்டட வேலை முடிந்து, உலை வைத்துவிட்டு ஒரு பெண் வருவதற்குள் ஊர்ப்புற நூலகம் பூட்டியிருக்கும். புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருவர் எழுத்தில் பொறுப்பேற்று, மாவட்ட நூலக அலுவலரின் ஒப்புதலோடு சாவி வாங்குவதே முறை. கேட்க நமக்கு என்ன உரிமை என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகக் கட்டுகிறோம். நூலகத்துக்கென வரி என்பது 1948-ன் பொது நூலகச் சட்டம் வகுத்த ஏற்பாடு. உள்ளாட்சிகள் அந்த வரியைப் பாக்கி வைக்காமல் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கின்றனவா என்று கிராம சபையில் கேட்பதும் இந்தக் கூட்டணியின் வேலையே.

கேரளத்தில் இந்தச் சாவிச் சிக்கல் குறைவு. 1945-ல் பி.என். பணிக்கர் முன்கையெடுத்த கிரந்தசாலை இயக்கத்தின் வழியில், அங்கே பெரும்பாலான நூலகங்களை ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவே நடத்துகிறது. மாநில நூலகக் கவுன்சில் மானியம் தருகிறது.

புதிதாகப் படிப்பவருக்கு என்ன கொடுப்பது? ஐம்பது வயதுக்காரர் கையில் அணில், ஆடு படப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். நாளிதழ்த் தலைப்பு, பேருந்துப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, நகைக்கடன் ரசீது என்று தொடங்குங்கள்.

மற்ற கேள்விகள்:

வயது வரம்பு? 15 நிரம்பியிருந்தால் போதும். மேல் வரம்பு இல்லை.

கட்டணம்? இல்லை.

தன்னார்வலருக்கு ஊதியம்? அதுவும் இல்லை. செலவில்லாத் திட்டம் என்று இதைப் புகழ்வோர், அந்தச் செலவைத் தன்னார்வலர் தலையில் ஏற்றியிருப்பதைச் சொல்வதில்லை.

ஒப்பந்தம் எழுத வழக்கறிஞர் வேண்டுமா? வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும்.

அந்தக் கடிதத்தில் வகுப்பு நாள்கள், பொறுப்பேற்கும் இருவர் பெயர், தேர்வு எழுதிய ஒவ்வொருவருக்கும் நூலக உறுப்பினர் அட்டை, ஆறு மாதம் கழித்து அவர்களை மறுபடி வாசிக்கவைத்துப் பார்க்கும் தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். மார்ச் வரை காத்திராமல், இந்த மாதமே உங்கள் கிளை நூலகரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.