தொட்டிலும் தட்டும்

'வீட்டிலிருந்தே வேலை' என்னும் சொற்றொடர் 2020 ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் நாடெங்கும் ஒலித்தது. கணிப்பொறியும் இணையமும் தந்த புதிய வசதி என்று பலரும் அதைப் போற்றினர். ஆனால் நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் முதலிய ஊர்த் தெருக்களில் நடந்து செல்வோர்க்கு இது புதுமையன்று. அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்தே வேலை செய்து வருகின்றனர். மடியில் தட்டு; அருகில் தொட்டில். பீடி சுற்றும் தொழிலே அது.

"பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம், நாலு காசும் சம்பாதிக்கலாம்" என்று இத்தொழிலைப் பற்றி ஊரார் சொல்வதுண்டு. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை? தாய்மையும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் இருந்துவிட்டால் மட்டும் ஒத்துப்போய்விடுமா? இதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில் நடக்கும் முறை

பீடி இலை பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா முதலிய மாநிலங்களின் காடுகளிலிருந்து வருகிறது. இலையையும் புகையிலைத் தூளையும் பீடிக்கடையில் எடை போட்டு வாங்கி வரவேண்டும். இலையை நீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, பதம் வந்ததும் அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரியால் வெட்டுவர். வெட்டிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடித்தால் ஒரு பீடி உருவாகும். இவற்றை எண்ணிக் கட்டுகளாக்கிக் கடையில் ஒப்படைத்தால், சரியில்லாதவற்றைக் கழித்துவிட்டு மீதியைக் கணக்கில் எழுதுவர்.

கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான். மணிக்கணக்குக்குக் கூலி இல்லை. தாய்க்கு வரும் இடர்ப்பாடு அனைத்தும் இந்த ஒரு விதியிலிருந்தே தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்கு

ஒரு பீடி சுற்ற அரை நிமிடம் ஆவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பீடிக்கு 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம் ஆகும். இலை வெட்டும் நேரமும் கடைக்குப் போய்வரும் நேரமும் இதில் சேரவில்லை. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அவற்றுள் ஐந்து முறை வேலை நேரத்தில் வருவதாகவும், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் ஆவதாகவும் கொண்டால் 100 நிமிடம் கழியும். அது 200 பீடி. அன்றாடக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு பால் கொடுப்பதிலேயே போய்விடுகிறது.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் எழுந்து சென்று குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தால் அவருடைய மாதச் சம்பளம் குறைவதில்லை. வீட்டிலிருந்து எண்ணிக்கைக்கு உழைப்பவளுக்கோ குழந்தையின் ஒவ்வோர் அழுகையும் கூலியில் ஒரு கழிவு. இழந்ததை அவள் இரவு விளக்கடியில் ஈடு செய்கிறாள். அல்லது மூத்த மகள் பள்ளிக்குப் போகாமல் தொட்டிலை ஆட்டுகிறாள். ஆகவே வீடு இங்கே எதையும் சமன் செய்வதில்லை. இழப்பை வெளியில் தெரியாமல் மறைத்துவிடுகிறது எனலாம்.

அறிவியல் கூறுவது

புகையிலைத் தூளில் நிக்கோட்டின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அது புகைத்தால் மட்டுமே உடலில் சேரும் என்று எண்ணுவது தவறு. தோல் வழியாகவும் அது உட்செல்லும். கருவுற்ற காலத்தில் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். பின்னர்த் தாய்ப்பாலிலும் கலக்கும். எனவே தட்டையும் தொட்டிலையும் அருகருகே வைப்பது நல்லதன்று. பால் கொடுக்குமுன் சோப்பிட்டுக் கை கழுவுவதும், தூள் படிந்த சேலையை மாற்றுவதும், தூள் வைத்த அறையில் குழந்தையைத் தூங்கவிடாமல் இருப்பதும் இயன்ற காப்புகளாகும். ஆனால் ஒரே அறை கொண்ட வீட்டில் இந்த அறிவுரை எத்துணைப் பயன்படும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டம் தந்த உரிமை

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966 இல் இயற்றப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுபவரையும் அது தொழிலாளர் என்று ஏற்றது. 1961 ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டத்தைச் சிறு மாற்றங்களுடன் அவர்களுக்கும் பொருத்தியது. 1974 இல் மங்களூர் கணேஷ் பீடி நிறுவன வழக்கில் இச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் பீடி சுற்றுவோர்க்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985 இல் அதே நீதிமன்றம் கூறியது.

2017 ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 26 வாரம் அதற்கு ஏறக்குறைய ஈடாகும். மகப்பேற்றுக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விடுப்புக்கு முந்திய மூன்று மாதங்களின் சராசரி நாட்கூலியே பயன்தொகைக்கு அடிப்படை. ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேருமா என்னும் ஐயம் கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றில் எழுந்தது. சேரும் என்று 1977 இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. ஆகவே 26 வாரம் என்பது முழு 182 நாள். சராசரிக் கூலி 200 ரூபாய் என்று கொண்டால் தொகை 36,400 ரூபாய் ஆகிறது. ஏழைத் தாய்க்கு இது சிறு தொகையன்று.

புத்தகத்தில் யார் பெயர்?

இத்தனை இருந்தும் பல தாய்மார் பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே தட்டை எடுத்துவிடுகின்றனர். ஏன்? 80 நாளை மெய்ப்பிப்பது கடையில் பதியும் பாஸ் புத்தகம். அதில் அவள் பெயர் இருக்க வேண்டும். ஆனால் மற்றொருவர் பெயரிலுள்ள புத்தகத்தில் பீடி கொடுத்து, கூலியை மட்டும் கையில் வாங்கிக்கொள்பவர் பலர். என் தாயாரும் அவர்களுள் ஒருவர். பல ஆண்டுகள் சுற்றியும், தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ஒரு காசும் வரவில்லை. கேட்கச் சென்றபோது, "உன் பேரு எங்கம்மா இருக்கு?" என்று கடையில் கேட்டார்களாம். அவர் சுற்றிய இலட்சக்கணக்கான பீடிகளும் ஏட்டில் வேறொருவர் சுற்றியவையாகவே இருந்தன.

நாம் செய்யக் கூடியது

1961, 1966 ஆம் ஆண்டுச் சட்டங்கள் இன்று 2020 இல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. 26 வாரமும் 80 நாளும் தொகுப்பில் மாறவில்லை. எனினும் பழைய சட்டம் பெயர் சொல்லி அழைத்த வீட்டுத் தொழிலாளியைப் புதிய சட்டத்தின் நடைமுறையும் கைவிடலாகாது. விடுப்பு முடிந்த தாய், வேலையின் தன்மை இடந்தந்தால், முதலாளியுடன் பேசி வீட்டிலிருந்தே பணியாற்றலாம் என்று 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. படித்த பெண்ணுக்கு அது சலுகை. பீடி சுற்றும் பெண்ணுக்கோ வீட்டில் வேலை முன்பே உண்டு; விடுப்புத்தான் இல்லை.

நம் கல்லூரித் தோழர் தோழியருள் எத்தனையோ பேருடைய கட்டணம் பீடிக் கூலியிலிருந்து வந்ததாகும். நாம் பெற்ற எழுத்தறிவை முதலில் செலவிட வேண்டிய இடமும் அதுவே. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பீடி சுற்றும் அக்காள், மதினிமாரின் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். பெயர் அவர்களுடையதா, நாள்தோறும் பதிவாகிறதா என்று படித்துச் சொல்லுங்கள். கருவுற்றிருப்போர்க்கு விடுப்புக்கான எழுத்துமூல அறிவிப்பை எழுதிக் கொடுங்கள். ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். அந்தத் தாய் தன் பிள்ளைக்கு ஆறு மாதம் மனநிறைவோடு பாலூட்ட அது வழி செய்யும்.